கண்ணாடி ஏற்றினால் மட்டும்

காலியாக ஓட்டினால் அந்த லாரிக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடி ஏற்றினால் மட்டும் நடுங்கியது.

அதுவும் எல்லா வேகத்திலும் இல்லை. நாற்பதைத் தொட்டதும் காலடித் தகட்டில் மெல்லிய ரீங்காரம் கிளம்பும். நாற்பத்தைந்தில் அது ஸ்டீயரிங் வரை ஏறும். ஐம்பதைத் தாண்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும். போன வாரம் முன்னால் போன பஸ் வழிவிடாமல் சதி செய்ததில், மாமா அரை மணி நேரம் நாற்பத்தைந்திலேயே ஓட்ட வேண்டியதாயிற்று. இறக்கும்போது பார்த்தால், ஆள் உயரக் கண்ணாடி ஒன்றில் மூலைக்கு மூலை விரிசல்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கண்ணாடி வியாபாரி. லாரி அவருடையது, பட்டறை அவருடைய அக்கா பிள்ளைகள் இருவருடையது. அந்த இருவரில் மூத்தவள் அக்கா வெல்டர், இளையவன் தம்பி மெக்கானிக். கண்ணாடிகளின் கனம் கூடிக்கொண்டே போக, பழைய பின் அச்சு இரண்டு முறை மேட்டில் உடைந்து மாமாவை நடுரோட்டில் உட்கார வைத்தது. அதனால்தான் ஒரு தண்ணீர் லாரியில் இருந்து கழற்றிய முரட்டு அச்சை வாங்கி இதில் மாட்டினார்கள். அச்சு என்னவோ தங்கம். ஆனால் ஸ்பிரிங் கட்டு வந்து உட்காரும் சீட் இரண்டும் இந்த லாரிக்கு ஒத்துவராத இடத்தில் இருந்தன. அவற்றை அறுத்தெடுத்து, புதிதாக இரண்டு செய்து, அச்சுக் குழாயின் மேல் பற்றவைத்தவள் அக்கா.

ஆகவே பழியும் அவள் தலையில்தான் விழுந்தது.

"சீட்டு கோணலா உக்காந்திருக்கும்க்கா. வேற எதுவும் பாக்கி இல்ல" என்றான் தம்பி. ஷாஃப்டைப் பாலன்ஸ் பார்த்தாயிற்று, ஜாயின்ட் இரண்டும் புதிது, டயர்களையும் இடம் மாற்றிப் போட்டாயிற்று.

"மூணு டிகிரி. வெல்டு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ, வச்சப்புறம் ஒரு தடவ அளந்தேன். நீதானேடா டார்ச் புடிச்ச?"

"அப்ப ஏன் நடுங்குது?"

"தெரியல. அதான் எனக்கும் மண்டை குடையுது."

மாமா ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "கண்ணாடியில தன் மூஞ்சியப் பாத்து பயந்துக்குதோ என்னவோ" என்றார். சிரித்துவிட்டு உடனே முகம் மாறினார். "இங்க பாரும்மா. புதுசா கட்டுற நூலகத்துக்கு இன்னும் பதினோரு கண்ணாடி போகணும். எல்லாம் அளவு சொல்லி வெட்டுனது, மாத்துக்கு ஒண்ணு கிடையாது. நாளைக்குக் காலைல ஏத்தியாகணும். சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியலன்னா, சீட்ட அறுத்துட்டு மறுபடி வச்சுருங்க."

அக்கா அச்சுக் குழாயைப் பார்த்தாள். ஒருமுறை சூடு பட்ட குழாய் அது. அதே இடத்தில் மறுபடியும் அறுத்துப் பற்றவைத்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்தாலும் வளையும். வளைந்தால் உள்ளே ஓடும் தண்டும் பேரிங்கும் காலி. அச்சையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

"அறுக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ அளந்துடறேன்" என்றாள்.

அளப்பது எதை என்றால், இரண்டு சாய்வுகளை. கியர்பாக்ஸில் இருந்து பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோவது நீளமான ஒரு ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் ஒவ்வொரு ஜாயின்ட். மடங்கிய ஜாயின்டுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: இந்தப் பக்கம் சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். முன் ஜாயின்ட் இப்படிக் கிளப்பிவிடும் தள்ளாட்டத்தைப் பின் ஜாயின்ட் எதிர்த்திசையில் தள்ளாடிச் சரிக்குச் சரி கழித்துவிடும். ஆனால் இரண்டும் ஒரே அளவு மடங்கியிருந்தால்தான் கணக்கு நேராகும். கியர்பாக்ஸ் மூன்று டிகிரி சாய்ந்திருந்தால், ஷாஃப்ட் வந்து இணையும் அச்சின் மூக்கும் அதே மூன்றில் இருக்க வேண்டும்.

தம்பி அடிச்சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்து லாரியைத் தூக்கி நிறுத்தினான். அக்கா மல்லாந்து உள்ளே நுழைந்து, காந்தம் வைத்த சாய்வுமானியை அச்சின் மூக்கில் ஒட்டினாள். முள் மூன்றில் நின்றது.

"மூணு! வந்து பாருடா, கண்ணத் தொறந்து பாரு."

தம்பி குனிந்து பார்த்தான். கோணல் சீட் என்ற கட்சி அத்தோடு படுத்துவிட்டது. வேறு கட்சியும் கையில் இல்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஜாக்கியைப் போட்டு, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, லாரியைத் தரையில் இறக்கினான்.

மானி உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்க மறுபடி நுழைந்தவள் முள்ளைப் பார்த்தாள்.

"டேய், இதத் தொட்டியா?"

"நான் எங்க தொட்டேன்?"

"ரெண்டு காட்டுது."

அவள் மானியை எடுக்கவில்லை. "மாமா, மூலைல மணல் மூட்டை இருக்குல்ல? கண்ணாடி எவ்வளவு எடையோ அவ்வளவு மூட்டைய ஏத்தச் சொல்லுங்க."

"யார்கிட்ட சொல்றது? இங்க இருக்கிறது நானும் இவனும்தான்."

"அப்ப நீங்களே ஏத்துங்க."

"தாய்மாமனுக்கு நல்ல மரியாதை" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் மாமா.

மூட்டைகள் ஏற ஏற முள் இறங்கியது. ஒன்றே முக்கால். ஒன்றரை. ஒன்று. கடைசி மூட்டை விழுந்தபோது அரையில் போய் நின்றது. கியர்பாக்ஸ் பக்கம் மட்டும் அசையாமல் மூன்று.

அவள் முதுகில் கிரீஸோடு வெளியே வந்தாள். முகமெல்லாம் பல். "சீட்டு கோணல் இல்ல. நான் அளந்த நேரம்தான் கோணல். வெல்டு வைக்கும்போது வண்டி ஸ்டாண்டுல நின்னுச்சு, சக்கரம் அந்தரத்துல தொங்குச்சு. இந்த ஸ்பிரிங்குல முன்பாதி குட்டை, பின்பாதி நீளம். பாரம் ஏறுனா ரெண்டும் ஒரே மாதிரி வளையாது. அச்சு லேசா உருண்டு மூக்கு கீழ போயிடுது. காலியா இருக்கும்போது வித்தியாசம் ஒரு டிகிரிதான், தெரியல. கண்ணாடி ஏறுனா ரெண்டரை."

"அப்ப ஆப்பு வைக்கணும்" என்றான் தம்பி மெதுவாக.

"எனக்கா?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாமா.

"ஸ்பிரிங்குக்கு, மாமா. கீழ போன மூக்க மேல தூக்க."

எத்தனை டிகிரி என்பதில் அக்காவும் தம்பியும் கொஞ்சம் மல்லுக்கட்டினார்கள். இரண்டரை வைத்தால் பாரத்தோடு மிகச்சரி; ஆனால் காலி வண்டியில் மூக்கு ஒன்றரை டிகிரி மேலே போய்விடும். இரண்டு வைத்தால் பாரத்தில் அரை குறையும், காலியில் ஒன்று கூடும். இரண்டுமே லாரி பொறுத்துக்கொள்ளும் அளவு. இரண்டு என்று முடிவாயிற்று. எதிர்வரிசை லேத்துக்காரர் எஃகில் இரண்டு ஆப்பு இழைத்துக் கொடுத்தார். ஓட்டத்தில் நழுவி வெளியே வந்துவிடாமல் இருக்க, ஸ்பிரிங்கின் நடு போல்ட் நுழையும்படி ஒவ்வொன்றிலும் ஒரு துளை.

வெயில் சாய்வதற்குள் மாட்டி முடித்தார்கள். மூட்டைகளை இறக்கவே இல்லை. மாமா ஓட்ட, அக்கா ஒரு டம்ளர் தண்ணீரை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது. நாற்பத்தைந்து. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் ஊர் எல்லை வரை ஓட்டினார். தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை.

"அறுக்க வேண்டாம்ல?" என்றாள்.

"எதை?" என்றார் மாமா, ஒன்றும் தெரியாதவர் போல.

மறுநாள் பதினோரு கண்ணாடியும் முழுசாகப் போய் இறங்கின. வெல்டிங்கை யாரும் தொடவில்லை. செய்தது இவ்வளவுதான்: சக்கரம் தரையிலும் சுமை மேலேயும் இருக்கும்போது சாய்வை அளந்து, இரண்டு பக்கமும் ஸ்பிரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே இரண்டு டிகிரி ஆப்பு, தடித்த பக்கம் பின்னால் இருக்கும்படி வைத்து, போல்ட்டுகளைப் பாரத்தோடேயே முறுக்கினார்கள்.