ஸ்டீம் நின்ற பிறகு

அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முதல் நாள், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினோம். ஐயர் வருமுன் சாவீட்டுத் துடக்குக் கழிய வேண்டும். அப்பாவுக்குப் பிறகு வீடு ஓடுவது நிரஞ்சலா அக்காவின் தையலில். கலியாணச் சட்டைகள் வெட்டாமல் கிடந்ததால், வேலையைச் சுருக்க நீராவியால் தரை கழுவும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தாள்.

நான் மாலை வகுப்பில் மின்சாதனங்கள் திருத்தப் படிக்கிறேன். அதனால் விளக்கும் பொறுப்பு என்னுடையது. வெறும் தண்ணீர்தான் விடலாம், சூட்டோடு மூடியைத் தொடக்கூடாது என்றேன்.

"வெறும் தண்ணியால துடக்குப் போகுமே?" என்றார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த றஞ்சனா மாமி. "மஞ்சளையும் கரைச்சு உதுக்குள்ள விடுவம்."

"வேண்டாம் மாமி, ஆவி வாற முனை அடைச்சுப்போகும்."

"பின்னேர வகுப்புக்காரர் ஐயருக்கும் வகுப்பெடுப்பார் போல கிடக்கு."

அக்கா சிரித்தாள். நான் மெஷினில் வெறும் தண்ணீரை விட்டுக்கொடுத்தேன். மஞ்சள் அடைக்குமா என்று எனக்கே உறுதியில்லை; ஆசிரியர் சொன்னது உப்புப் படிவைப் பற்றி மட்டும்.

மெஷின் ஆறியபின் அக்கா மறுபடி தண்ணீர் நிரப்பினாள். மாமி மஞ்சள் கரைத்த தண்ணீரைத் துணியில் வடித்து ஒரு செம்பு சேர்த்தாராம். நான் அப்போது முன்னறையில் அலுமாரியை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஸ்டீம் வரேல்லை," அக்கா குசினியிலிருந்து கூப்பிட்டாள். "தண்ணி முடிஞ்சுதோ?"

"பிளக்கைக் கழட்டிப்போட்டு கைபிடியில இருக்கிற விசையை அமத்திப் பாருங்கோ. ஒண்டும் வராட்டில் மூடியைத் திறக்கலாம்."

வகுப்பில் சொன்னதுதான். முனை அடைபடாதிருந்தால் அது சரியாகவும் இருந்திருக்கும்; அடைபட்டதால் ஆவி முழுக்க உள்ளேயே நின்றது. அக்கா பிளக்கைக் கழற்றி, விசையை அமத்தி, ஒன்றும் வராததால் மூடியைத் திருகினாள்.

நான் ஓடிப்போனபோது சுவரெல்லாம் மஞ்சள். அக்கா வலக்கையை நெஞ்சோடு பிடித்தபடி தரையில் இருந்தாள். கையைக் குழாய்த் தண்ணீருக்குள் பிடித்தேன். மணிக்கட்டில் தோல் உரிந்து வந்தது. மாமி பற்பசையோடு வந்தார். பூச வேண்டாம் என்றேன். இம்முறை அவர் கேட்டார்.

கண்டி ஆஸ்பத்திரியில், வேறிடத்துத் தோல் எடுத்து வைக்கவேண்டும் என்றார் வைத்தியர். விரல்கள் மடங்குமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாதாம்.

"நீ சொன்ன மாதிரித்தானே செய்தனான்," என்றாள் அக்கா. குறையாகச் சொல்லவில்லை. தான் எங்கே பிழைவிட்டாள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அக்கா. அப்படித்தான் செய்தனீங்கள்."

கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் தெரிந்தன.

"இப்ப ஆட்டுறன். ஆடுதோ பார்."

குனிந்து பார்த்தேன்.

"இல்லை அக்கா," என்றேன்.