கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு துஆ

எங்கள் ஊரில் வீடு கட்டுவதற்கு முன்னால் மக்களைக் கேட்பார்கள். இடிப்பதற்கு முன்னாலும் கேட்பார்கள். கேட்பதில் ஒரு குறையும் கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம், பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். மேடையில் நகரமன்றத் துணைத் தலைவர் தானியோர். அவர் முன்னால் மேசை மேல், அட்டையில் செய்த எங்கள் புது மஹல்லா, அதாவது குடியிருப்பு. பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள், பஞ்சில் செய்த மரங்கள். என் வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீரூற்று. அந்த வீட்டின் நான்கு அறைகளும் அப்பா தானே செங்கல் அறுத்துக் கட்டியவை. அவர் இறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது.

பாதிப் பேருக்கு மேல் கை தூக்கினால்தான் திட்டம் நகரும். ஆகவே யாரும் கை தூக்கக் கூடாதென்று கசாப்புக்கடை கோச்கார் முந்தின நாளே தெரு முழுக்கச் சத்தியம் வாங்கியிருந்தான்.

"ஹம்தம், கை எங்கடா?" என்று பக்கத்திலிருந்து காதோரம் கேட்டான்.

"தொடைக்கு அடியில."

"நல்லா அமுக்கி உக்காரு. வாத்தியார் கை, கேள்வி கேட்டா தானா மேல போயிடும்."

சிரிக்க முடியவில்லை. முன் வரிசையிலிருந்து எங்கள் தலைமையாசிரியர் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மக்கள் குரல்தான் தன் மூச்சுக்காற்று என்று தானியோர் ஒரு மணி நேரம் பேசினார். அந்த ஒரு மணி நேரமும் மக்கள் குரல் வெளியே வர இடமில்லை. பிறகு கேட்டார்: "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

ஒரு கைகூட எழவில்லை. அவருடைய எழுத்தர் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டே போனார்.

"சரி, எதிர்க்கிறவங்க?"

அதற்கும் எழவில்லை. சத்தியம் வாங்கிய கோச்கார் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தான். கசாப்புக்கடை உரிமம் புதுப்பிக்கும் மாதம் அது.

தானியோர் சிரிப்பு மாறாமல் மஹல்லாத் தலைவர் துர்சுனைப் பார்த்தார். துர்சுன் எழுந்தார்.

"கூட்டம் முடிஞ்சுது. வெளிய பிலாவ் சோறு தயாரா இருக்கு. அதுக்கு முன்னாடி, நம்ம கொத்தனார் ரஹ்மான் அண்ணன் மவுத்தாகி இருபது நாளாச்சு. பாதித் தெருவைக் கட்டினவரு. அவருக்காக ஒரு துஆ."

துஆவுக்குக் கையேந்தி இறைஞ்சும்போது எங்கள் ஊரில் நாத்திகன் கையும் கீழே நிற்காது. நூறு பேரின் உள்ளங்கைகள் நெஞ்சுக்கு மேல் எழுந்தன. அதே நேரம் மேடையோரம் ஒருவன் கேமராவுடன் நாற்காலி மேல் ஏறினான்.

எனக்குப் புரிந்துவிட்டது: படத்தில் இந்தக் கைகளெல்லாம் ஆதரவுக் கைகளாகிவிடும். கைகள் தொடைக்கு அடியிலேயே மரத்துப்போய்க் கிடந்தன.

பளிச்.

"ஒரு நிமிஷம்ங்க," என்றான் புகைப்படக்காரன். "மூணாவது வரிசைல ஒருத்தர் கை படத்துல விழல."

நூறு தலைகள் திரும்பின. எழுத்தரின் பேனா நின்றது.

"டேய், உங்கப்பனுக்குடா! வெக்கமா இல்ல?" கோச்கார் பல்லைக் கடித்தான்.

"கேமராவப் பாருடா."

பார்த்தான். முகத்தில் ரத்தம் வற்றியது. ஆனால் ஏந்திய கையை அவன் இறக்கவில்லை. இனி இறக்குவதையும் எல்லோரும் பார்ப்பார்கள்.

"ஹம்தம் தம்பி," என்றார் துர்சுன், தேன் தடவிய குரலில். "பெத்த அப்பாவுக்கே கை ஏந்த மாட்டியா? பரவால்ல, இன்னொரு தடவ ஓதிடுவோம்."

கைகளை உருவி எடுத்தேன். நாற்காலிப் பலகையின் வரிகள் அதில் பதிந்திருந்தன. மெல்லத் தூக்கினேன். அப்பாவின் முகத்தை நினைக்கப் பார்த்தேன்; நீரூற்றுதான் வந்தது.

"ஆமீன்."

பளிச்.

வழக்கப்படி உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தன. எழுத்தர் "ஏகமனதாக" என்று முணுமுணுத்தபடி அந்த ஒரே வார்த்தையை எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டார்.

வாசலில் தானியோர் என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். விடவில்லை.

"உங்கப்பா பெரிய மனுஷர்ங்க. அந்த நீரூத்துக்கு அவர் பேரையே வெச்சிடலாம்."

நன்றி என்று என் வாய் சொன்னது.