சிவப்பு டேக்

காலையில் மலர்ந்து அந்திக்குள் வாடிவிடும் ஒரு பூவுக்காக யாராவது மூன்று வருஷம் காத்திருப்பார்களா என்று கேட்பவர்களுக்கு மாரிசெல்வியைத் தெரியாது. சங்கரன்கோவிலிலிருந்து ஒரகடத்துக்கு வந்து, காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பிடித்தால் பிடித்ததுதான். சேரப்பணஞ்சேரியில் அவள் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில், இருபத்திரண்டு பெயின்ட் வாளிகளில் அந்த ஒருநாள் பூவை, டே லில்லியை, வளர்த்தாள்.

முதலில் இரண்டே செடிகள்தான், ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. மஞ்சள் மாசியிலேயே பூத்துவிடும். சிவப்பு வைகாசியில்தான் பூக்கும், மதியத்துக்குள் வெயிலில் கருகியும் போகும். மாசியில் பூக்கிற சிவப்பு ஒன்று வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் ஒன்று பூக்கும்போது மற்றது பூக்காதே, எப்படி முடிச்சுப் போடுவது? மஞ்சளின் மகரந்தத்தை மாத்திரை டப்பாவில் போட்டு, வீட்டுக்காரம்மா செங்கமலத்தின் ஃப்ரீசரில் மூன்று மாதம் வைத்திருந்தாள். வைகாசியில் எடுத்துச் சிவப்பின் சூல்முடியில் தடவினாள். காய் பிடித்தது, விதைகள் முளைத்து இருபது வாளிகள் ஆயின. அப்புறம் இரண்டு வருஷம் வெறும் இலைதான்.

இந்த வருஷம் செங்கமலம் கறாராகச் சொல்லிவிட்டாள். "மாடி மேல ரெண்டு ரூம் கட்டப் போறேம்மா. பங்குனிக்குள்ள காலி பண்ணிடு. வேணும்னா ஒண்ணே ஒண்ணு கீழ வெச்சிக்கோ."

எந்த ஒன்றை? பூத்தால்தானே தெரியும்.

மாசி இரண்டாம் வாரம் ஒரே ஒரு செடி தண்டு விட்டது. நுனியில் ஐந்து மொட்டுகள். மாரிசெல்விக்குத் தலைகால் புரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த அறைத்தோழி பாண்டிச்செல்வியின் பையிலிருந்து ஒரு சிவப்பு டேக்கை எடுத்து அதில் கட்டிவிட்டு ஷிப்டுக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அந்த வாளி காலியாக இருந்தது.

"நான்தான் பிடுங்கிப் போட்டேன்" என்றாள் பாண்டிச்செல்வி. பிரேக் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன். "நீதான சிவப்பு டேக் போட்ருந்த? எங்க லைன்ல பச்சைன்னா பாஸ், சிவப்புன்னா ரிஜெக்ட்டு. காலி பண்ண ஒத்தாசையா இருக்கட்டும்னு செஞ்சேன்."

"எங்க லைன்ல சிவப்புன்னா சிவப்பு வயர்டி. பூ சிவப்பா வரும்னு கட்டுனேன்."

பின்புறக் குப்பைமேட்டுக்கு ஓடினார்கள். பஞ்சாயத்து வண்டி வந்து வாரிக்கொண்டு போயிருந்தது. மாரிசெல்வி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மூன்று நாள் இருவரும் பேசவில்லை. பாண்டிச்செல்வி தினமும் இவளுக்கும் சேர்த்துத் தோசை சுட்டு மூடி வைத்தாள், இவளும் சாப்பிட்டாள், பேசத்தான் இல்லை.

நான்காம் நாள் விடிந்ததும் மாரிசெல்வி நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். வாசலில் செங்கமலம் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கொண்டையில் குங்குமச் சிவப்பில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ.

மாரிசெல்வி கோலத்தை மிதித்துக்கொண்டு கிட்டே போனாள். "எக்கா, இதை எங்க பறிச்சீய?"

"குப்பைல ஒரு செடி மொட்டோட கெடந்துச்சும்மா. பாவமா இருந்துச்சு. தொவைக்கிற கல்லாண்ட நட்டு வெச்சேன். இன்னிக்கு பாத்தா இப்படி பூத்துகினு கீது. ஏன், நீதான வேணாம்னு தூக்கிப் போட்ட?"

பதில் சொல்ல நேரமில்லை. ஓடினாள். துவைக்கும் கல்லின் ஓரம், சோப்புத் தண்ணீர் ஈரத்தில், செடி நிமிர்ந்து நின்றது. மீதி நான்கு மொட்டும் பத்திரம். நனைந்த சிவப்பு டேக்கும் அப்படியே இருந்தது. மாசி மாதத்தில் சிவப்பு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, அவள் இரண்டையும் அடக்கவில்லை.

பின்னாலேயே வந்த செங்கமலம் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இங்க எதுவும் கட்டப் போறதில்ல. இது இங்கியே இருக்கட்டும். நாளைக்கும் பூக்குமா?"

"பூக்கும்க்கா. நாளைக்கு மட்டும் பறிச்சிராதீய, நான் ஒரு தடவ செடியிலயே பாத்துக்கிடுதேன்."

சத்தம் கேட்டுத் தூக்கக் கலக்கத்தோடு பாண்டிச்செல்வி வந்தாள். செடியை வேரிலிருந்து நுனிவரை பார்த்தாள். செங்கமலத்தைத் திருப்பி நிறுத்திப் பூவையும் பார்த்தாள். உள்ளே போய்ப் பையோடு வந்து, சிவப்பு டேக்கை அவிழ்த்துவிட்டுப் பச்சை டேக் ஒன்றைக் கட்டினாள். அதில் தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டாள்.