ரொஸ்னாவின் கம்ப்யூட்டர்

மூன்றாவது முறையாக டெலிபோன் அடித்தபோதும் குருக்கள் மந்திரத்தை நிறுத்தவில்லை. கூடத்தில் இருந்தவர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள். பரமநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ரிசீவரை எடுத்து, காதில் வைக்காமலே மேசை மேல் கிடத்தினார்.

"வீட்ல சவம் இருக்கையில இதென்ன கடைத்தெருச் சத்தம்? நான் சொல்ற வரைக்கும் யாரும் இதை எடுத்து வைக்கக்கூடாது."

அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு இருந்ததில்லை. கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாதவர். கூடத்தின் நடுவே சவப்பெட்டியில் கிடந்தது அவருடைய ஒரே தம்பி ஐயாத்துரை.

காலையிலிருந்து அவர் உட்காரவில்லை. ஒரு பூமாலையில் பிளாஸ்டிக் பூ கலந்திருப்பதைக் கண்டு கழற்றச் சொன்னார். தம்பி மகன் சிவகுருவின் வேட்டிக் கரை மேலும் கீழுமாக இருக்கிறது என்று மறுபடி கட்ட வைத்தார். வாசலுக்குப் போனார். பின்கட்டுக்கு வந்தார். சவப்பெட்டியின் அருகே மட்டும் அவர் கால்கள் நிற்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி யோகம்மா ஒரு முறை நிமிர்ந்து, "கொஞ்ச நேரம் இருங்கோ அத்தான்" என்றாள்.

"வேலை கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

கூடத்தை ஒட்டிய சின்ன அறையின் கதவை அவர் பல தடவை சாத்திவிட்டார். அது ஒவ்வொரு தடவையும் தானாகத் திறந்துகொண்டது. உள்ளே தரையில், விரித்த நாளிதழ்களின் மேல், மூடி கழற்றிய ஒரு கம்ப்யூட்டர் கிடந்தது. மூடி சுவரில் சாய்ந்திருந்தது. திருகாணிகள் ஒரு தேநீர்த் தட்டில் வரிசையாக இருந்தன. வியாழக்கிழமை மாலை அதன் முன்னால் பிரஷ்ஷோடு குந்தியிருந்த ஐயாத்துரை, நெஞ்சு எரிகிறது என்று எழுந்தவன், ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை.

பென்ஷன் வாங்கிய பிறகு அவனுக்கு இதுதான் பொழுது. ஆயர் ஈத்தாமில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் இங்கேதான் வரும். பரமநாதனுக்கு அது பிடிப்பதில்லை.

"சீஃப் டிராஃப்ட்ஸ்மேனா இருந்தவன், ஊரான் வீட்டு ஒட்டடையைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்பார்.

"ஒட்டடை நல்லது அண்ணை. தட்டினாப் போயிடும்" என்று ஐயாத்துரை சிரிப்பான்.

தரையில் கிடந்தது ரொஸ்னாவுடையது. சூலியா தெருவில் புத்தகக் கடை வைத்திருக்கும் கமாலின் மகள். யுனிவர்சிட்டியில் கடைசி வருஷம். மாதக்கணக்காக உட்கார்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை அதற்குள் மட்டும்தான் இருந்தது. டிஸ்கட்டில் எடுத்து வைத்திருந்த பிரதியில் பூஞ்சை பிடித்துவிட்டது. "ரெண்டு காப்பி எடு, ரெண்டு இடத்தில வை என்று எத்தனை தரம் சொன்னேன் அந்தப் பிள்ளைக்கு" என்று ஐயாத்துரை புதன்கிழமைகூட அண்ணனிடம் குறைபட்டுக்கொண்டான். திங்கட்கிழமைக்குள் எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

கமால் வந்திருந்தார். வாசல் கூடாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரமநாதன் அந்தப் பக்கம் போனபோது கையைப் பற்றிக்கொண்டார்.

"தங்கமான மனுஷன் அண்ணே. என் மக அழுதுக்கிட்டே இருக்கா. நேத்துலேர்ந்து சாப்பிடல."

"ம்."

கமாலின் கண் ஒரு கணம் வீட்டுக்குள் போய்த் திரும்பியது. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு, "மழை வரும் போல" என்றார்.

அவர் கேட்காத கேள்வி பரமநாதனுக்குக் கேட்டது. சாவு வீட்டில் தன் சாமானைப் பற்றிப் பேச நாவு எழாத மனிதரைப் பார்த்து, குரலைச் சற்று உயர்த்தியே சொன்னார்.

"உங்க கம்ப்யூட்டர் உள்ளதான் இருக்கு. இந்த வீட்டுக்கு வந்த பொருள் வந்த மாதிரியே திரும்பிப் போகும். மீதி வேலையை சிவகுரு செய்வான், அவனுக்குத் தெரியும். இது என் வார்த்தை."

"ஐயையோ, நான் அதுக்கு வரல அண்ணே."

"தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்."

சவப்பெட்டியை மூடும் நேரம் வந்தது. பெண்களின் அழுகை கூடியது. பரமநாதன் பின்கட்டுக்குப் போய், பக்கத்து வீட்டு வள்ளியம்மாவைக் கூப்பிட்டார். வாளிகளும் மஞ்சளும் துடைப்பங்களும் தயாராக இருந்தன.

"சவம் வாசல் தாண்டின உடனே ஆரம்பிச்சிடணும் வள்ளியம்மா. எல்லா அறையும். ஒரு மூலை விடக்கூடாது. துடைக்கிற வேலை வேண்டாம், வாளி வாளியா ஊத்தித் தள்ளணும்."

"எத்தனை சாவு வீடு கழுவிருக்கேன், எனக்குத் தெரியாதாங்க ஐயா? நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

வாசலில் டிரைவர்களை நிறுத்தி அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொன்னார். சவ வண்டிக்குப் பின்னால் வரும் எந்தக் காரும் வழியில் நிற்கக்கூடாது. என்ன ஆனாலும் திரும்பக்கூடாது. யோகம்மாவும் மற்றப் பெண்களும் வாய்க்கரிசி போட்டுவிட்டார்கள். ஆண்கள் சுடலையில் போடுவார்கள். முதலில் மகன், அடுத்து அண்ணன்.

சிவகுரு சவ வண்டியில் ஏறினான். அதற்கு அடுத்த கார் ராமதாஸுடையது. ஐயாத்துரையோடு ஒரே ஆபீஸில் இருந்தவர். பரமநாதன் முன்சீட்டில் உட்கார்ந்தார். கமால் தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

"வா பாய், ஏறு. நனைஞ்சுக்கிட்டா வரப் போற?" என்று ராமதாஸ் பின்கதவைத் திறந்துவிட்டார்.

ஆயர் ஈத்தாம் சாலையில் சனிக்கிழமைக் கூட்டம். கார்கள் ஊர்ந்தன. பரமநாதன் முழங்காலில் விரல்களால் தட்டிக்கொண்டே இருந்தார். சவ வண்டியின் பின்கண்ணாடியில் ஒரு மாலை மட்டும் தெரிந்தது.

பேச்சில்லாத காரில் கமாலுக்கு இருக்க முடியவில்லை.

"ஒரு தடவை என் கடைக் கம்ப்யூட்டர் திடீர்னு படுத்துருச்சு. அண்ணன் வந்து தொறந்து பாத்தா உள்ள சிச்சாக் முட்டை போட்டு வச்சிருக்கு. பல்லிக் குடும்பமே அங்கதான். 'கமால், வாடகை ஒழுங்கா வாங்குறியா?'ன்னாரு."

ராமதாஸ் சிரித்துவிட்டார். பக்கத்தில் விறைத்திருந்த கழுத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா."

"பரவாயில்லை."

"எனக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு பாய்" என்றார் ராமதாஸ், குரலைத் தாழ்த்தி. "இடி இடிச்சா ஸ்விட்ச்சை அமத்தினா பத்தாது, பிளக்கையே உருவிடுன்னு. நான் எங்க கேட்டேன்? போன வருஷம் மோனிட்டர் புகைஞ்சு போச்சு. 'இடி உன்கிட்ட பெர்மிஷன் கேட்டா வரும், ராமதாஸ்?' அப்படின்னாரு."

"எல்லாம் சின்ன விஷயந்தான்லா. ஆனா யாரு சொல்லித் தர்றா? அமத்தின உடனே துணி போட்டு மூடாதே, சூடு அடங்கட்டும். சும்மா பூட்டி வைக்காதே, வாரத்துல ரெண்டு நாளு ஓட விடு, இல்லைன்னா இந்தக் கடல் காத்துல பூஞ்சை புடிக்கும். எந்திரிக்கலைன்னா மெமரிப் பல்லைப் பென்சில் ரப்பரால தேய்ச்சு மாட்டு. நான் தேய்ச்சேன். எந்திரிச்சுருச்சு! ஒரு காசு வாங்க மாட்டாரு."

பரமநாதன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத ஐயாத்துரை ஒருவன் பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது.

"தூசியா, எறும்பா, எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்குன்னு சொல்வாரு" என்றார் கமால். "தண்ணிக்குத்தான் இல்லையாம். தொறந்து கெடக்கிற கம்ப்யூட்டர்ல ஒரு வாளி தண்ணி பட்டா முடிஞ்சது, உள்ள இருக்கிறதை மறந்துடுன்னுவாரு."

முழங்காலில் தட்டிய விரல்கள் நின்றன.

ஒரு மூலை விடக்கூடாது. வாளி வாளியா ஊத்தித் தள்ளணும். அவர் குரல்தான். மூடி இல்லாமல், தரையில், நாளிதழின் மேல் கிடக்கிறது. யாரும் நகர்த்தியிருக்க மாட்டார்கள். திறந்து வைத்ததைத் தொடக்கூடாது என்று ஐயாத்துரை அந்த வீட்டைப் பழக்கி வைத்திருந்தான். அவர் தொடச் சொல்லவும் இல்லை. கழுவச் சொன்னார்.

பின்சீட்டில் கமால் பெருமூச்சு விட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது? வாக்குக் கொடுத்த வாயில் இன்னும் ஈரம் காயவில்லை.

"நிறுத்து."

"ஐயா?"

"காரை நிறுத்து, ராமதாஸ். மாத்திரையை மறந்திட்டேன்."

ராமதாஸ் திகைத்துப்போய் ஓரம் கட்டினார். "ஐயா, சவத்துக்குப் பின்னால வர்ற காரு நிக்கக்கூடாது, திரும்பக்கூடாதுன்னு வாசல்ல நீங்கதானே..."

"அதனாலதான் கார் திரும்ப வேண்டாம்ங்கிறேன். நான் மட்டும் இறங்கிக்கிறேன்."

"நெஞ்சு மாத்திரையா அண்ணே?" கமால் முன்னால் குனிந்தார். "நீங்க இருங்க. நான் ஓடிப் போய் எடுத்துட்டு வந்துர்றேன். யாருகிட்ட கேக்கணும்?"

"வேண்டாம்! அது இருக்கிற இடம் எனக்குத்தான் தெரியும்."

சொன்ன வேகம் அவருக்கே அதிகமாகப் பட்டது. கமால் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"பாத்து இறங்குங்க அண்ணே" என்றார் மெல்ல.

பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக அவரைக் கடந்து போயின. கண்ணாடிகளுக்குப் பின்னால் உறவினர்களின் முகங்கள். தம்பியின் கடைசிப் பயணத்தில், நடுவழியில், சாலை ஓரத்தில் வேட்டியோடு நிற்கும் மூத்தவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சவ வண்டி கிரீன் லேன் பக்கம் திரும்பி மறைந்தது.

பெட்ரோல் ஸ்டேஷன் டெலிபோனில் காசு போட்டு வீட்டு எண்ணைச் சுழற்றினார். யாரோ பேசிக்கொண்டிருப்பதாகச் சத்தம் வந்தது. மறுபடியும் அதே. மேசை மேல் ரிசீவரைக் கிடத்தி, யாரும் தொடக்கூடாது என்று சொன்ன கை, காசை எடுக்காமலே டெலிபோனை வைத்தது.

மழை தூறியது. சாலையின் மறுபக்கத்துக்குக் குறுக்கே நடந்தார். இரண்டு டாக்சிகள் கையைக் கண்டும் நிற்கவில்லை. மூன்றாவது நின்றது. "செப்பாட், செப்பாட்" என்று மலாய் டிரைவரை விரட்டினார். வாழ்நாளில் யாரையும் அவர் இப்படி அவசரப்படுத்தியதில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர் படி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

செருப்பை உதறிவிட்டு உள்ளே போனார். கூடம் முழுவதும் தண்ணீர். வள்ளியம்மா வாளியோடு திரும்பியவள் அலறிவிட்டாள்.

"ஐயா! பாதியில வந்துட்டீங்களே! குளிக்காம உள்ள வரலாமா?"

"தள்ளு."

"கழுவின வீடுங்க ஐயா, தீட்டு..."

"தள்ளு என்கிறேன்!"

சின்ன அறையின் கதவு திறந்து கிடந்தது. வாசற்படியைத் தாண்டிய தண்ணீர், நாளிதழின் ஓரத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு நகர்ந்தது. அறைக்குள் இன்னொரு பெண் வாளியை இடுப்புயரத்துக்குத் தூக்கியிருந்தாள். அவரைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

திறந்த கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஐயாத்துரை ஜன்னல் கம்பியை ஒரு முறை தொடுவான். ஏன் என்று அவர் கேட்டதில்லை. இப்போது போய்க் கம்பியைத் தொட்டார். பிறகு குந்தினார். அந்த முதுகு வளைந்ததை வள்ளியம்மா பார்த்தாள். இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, கம்ப்யூட்டரை மார்போடு சேர்த்துத் தூக்கினார். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. தடுமாறி, சுவரில் சாய்ந்து, நிமிர்ந்தார். அடிப்பக்கம் காய்ந்துதான் இருந்தது. ஒரு ஒயர் கீழே தொங்கியது. அதையும் சுருட்டி மேலே இழுத்துக்கொண்டார்.

வைக்க இடம் இல்லை. கட்டிலின் மெத்தையை வெளியே எடுத்துவிட்டுச் சட்டத்தையும் கழுவியிருந்தார்கள். மேசை மேல் கழுவிய பாத்திரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன.

யோகம்மா கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நெற்றியில் பொட்டில்லை. அவரையும் அவர் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதா அத்தான்?"

"இப்பதான் போய்ச் சேர்ந்திருப்பாங்க."

"அப்ப நீங்கள் வாய்க்கரிசி..."

அவள் அந்தக் கேள்வியை முடிக்கவில்லை. வெளியே மழை வலுத்தது.

"கமாலிட மகளின்ரைதானே அது?" என்றாள் யோகம்மா.

"ம்."

"என்னட்டத் தாங்கோ. நான் பிடிச்சுக்கொள்ளுறன்."

"நீ போய் இரு, பிள்ளை. நான் வச்சிருக்கிறேன்."

வள்ளியம்மா மெதுவாகக் கேட்டாள், "இந்த அறையை விட்டுரலாங்களா ஐயா? அப்புறமா வந்து..."

"ஏன் விடணும்? ஒரு மூலை விடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? ஊத்து."

"நீங்க நிக்கிறீங்களே."

"நின்னா என்ன? மெல்ல ஊத்து. கீழ ஊத்து."

தண்ணீர் தரையில் விழுந்தது. அவர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, நாளிதழ்த் தாள்களை ஒவ்வொன்றாக மிதக்க வைத்து, வாசல் பக்கம் இழுத்துப் போனது. பெண்கள் அவரைத் தொடாமல் சுற்றி வந்து துடைப்பத்தால் தள்ளினார்கள். கம்ப்யூட்டர் தகரத்தின் ஒரு மூலை அவருடைய நெஞ்செலும்பில் குத்திக்கொண்டிருந்தது. அவர் அதை மாற்றிப் பிடிக்கவில்லை.