அடுக்களைக்கு முன்னால் ஒரு பாலம்

சாயங்காலம் ஆனதும் செண்பகவடிவின் வீட்டில், முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவே பாலம் வந்துவிடும். அவள் கண்டக்டராக இருந்த டவுன் பஸ் ஐப்பசி மழையில் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்ததே, அதே பாலம்தான். கீழே அதே ஆறு, அதே செம்மண் நிறத்தில் ஓடும். அவள் கணவன் இசக்கிமுத்து நாற்காலிகளைத் தள்ளிப் போட்டு அதற்கு இடம் விட்டான்.

முதலில் இருவரும் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப்போய், பின்வாசலால் அடுக்களைக்குள் நுழைந்தார்கள். சுற்றிப் போகப் போகச் சந்து நீண்டது. தை பிறந்தபோது ரசம் எடுத்துவர இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. வடிவு பஸ் ஏறுவதில்லை; அவன்தான் போய்வந்தான். இப்படியே போனால் அடுக்களை அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும் என்று கவலைப்பட்டான்.

எதிர்வீட்டு அருமைநாயகம் ராணுவத்திலிருந்து ஒரு பனிமலையோடு ஊர் திரும்பியவர். மலை அவர் வீட்டு மாடியில் இருந்தது. ஆரம்பத்தில் தான் குடித்துப் பார்த்ததாகவும், மலையும் கூடவே உட்கார்ந்து குடித்ததாகவும், மறுநாள் பார்த்தால் அது வளர்ந்திருந்ததாகவும் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் ஜெயசீலியைப் பார்க்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னைப் போன்றவர்கள் கூடிப் பேசுவதாகவும், வடிவும் வரலாம் என்றும் சொல்லிவிட்டு, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

ஜெயசீலி வீட்டுக்கே வந்தார். பாலத்தை அப்புறப்படுத்தத் தன்னால் ஆகாது, நடந்து கடக்கக் கற்றுத்தரலாம் என்றார். அவர் கொடுத்த மாத்திரைக்கு ஆறு தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது, வடிவு தூங்கினாள். மூச்சு முட்டும்போது உள்ளங்காலைத் தரையில் அழுத்தி, கண்ணில் படுவதையெல்லாம் பெயர் சொல்லச் சொன்னார். வடிவு சொன்னாள்: குடை, காலண்டர், இசக்கிமுத்து.

பிறகு பாலத்தில் நின்று, அன்று நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன தூரத்துக்குத்தான் பாலம் இருந்தது. மழையைச் சொன்னாள், சில அடி நடந்தாள். பஸ் சாய்ந்ததைச் சொன்னாள், இன்னும் கொஞ்சம். அதற்கப்பால் வெட்டினாற்போல் ஒன்றுமில்லை. வேர்த்துக் கொட்டத் திரும்பி வருவாள். மறுநாளும் போவாள். இத்தனை பயத்தோடு ஒருத்தி தினமும் ஓர் இடத்துக்குப் போவதை இசக்கிமுத்து அதுவரை கண்டதில்லை. அவசரப்படுத்தாமல் துண்டோடு கரையில் நின்றான்.

ஒருநாள் அந்த விளிம்பில் வெகுநேரம் நின்றாள்.

“தினம் பஸ்ஸுல வாழைக்காய் கொண்டுவார பெரியவர் கை என் கையிலதான் இருந்துச்சு. அப்புறம் இல்ல.”

“நீங்க விட்டீங்களா?” என்று ஜெயசீலி கேட்டார்.

கீழே ஆறு ஓடாமல் நின்றது.

“விடல டாக்டரம்மா. தண்ணி இழுத்துட்டுப் போச்சு.”

சொல்லிவிட்டு, பஸ் விழுந்ததிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அழுதாள். அழ அழப் பாலம் முன்னே நீண்டு அடுக்களையைத் தொட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். அக்கரையில் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

“ஏங்க, டீத்தூளை எங்க வச்சிருக்கீங்க?”

இசக்கிமுத்து இக்கரையில் நின்றபடியே, அலமாரியில் மேல்தட்டு என்று சைகை காட்டினான்.

பாலம் இன்னும் வருகிறது. மழை பெய்யும் நாளில் வடிவு பாதி வழியில் நின்று, உள்ளங்காலை அழுத்திவிட்டுப் போகிறாள். போன புதன்கிழமை அந்த வழியாக ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. கடையத்துக்கு இப்படித்தானே போகணும் என்று மாப்பிள்ளை விசாரித்தார். வடிவு எல்லாருக்கும் மோர் கொடுத்து, வாசலில் இறங்கி இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். ஊர்வலத்து யானை மட்டும் நிலைவாசலில் குனிந்து வெளியே போனது.