சந்திரகாந்தா வீட்டுப் போடிங் பிள்ளை

“ஏன் ஆன்ட்டி, சாமி புண்ணியத்துல உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. பின்ன எதுக்கு என்னைய வச்சிருக்கீங்க?”

பிரதீபா ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். சந்திரகாந்தாவுக்கு முகம் சுட்டது. “கதவைப் பூட்டத்தான். மேல் கொண்டி எனக்கு எட்டாதுல்ல” என்று சிரித்து மழுப்பினாள்.

உண்மை வேறு. கணவர் போய்ச் சேர்ந்து, மகன் இந்திரகுமாரும் மாத்தளையில் மாமியார் வீட்டோடு தங்கிவிட்ட பிறகு, உக்குவளையில் அந்தப் பெரிய வீட்டில் அவள் ஒருத்திதான். பேச ஆளில்லாமல் பஸ் ஏறி மாத்தளைக்குப் போவாள். பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்புவாள். “இன்னைக்கும் சும்மாதானா அம்மா?” என்று கண்டக்டர் கேட்ட அன்று, பஸ்ஸே திரும்பித் தன்னைப் பார்த்ததுபோல் கூசிப்போனாள். அந்த வாரமே, காசு கொடுத்து வீட்டோடு தங்கும் போடிங்குக்கு ஒரு பிள்ளை வேண்டுமென்று மருந்து வாங்கும் பாமசியில் சொல்லிவைத்தாள். அங்கே வேலை பார்த்த பிரதீபாவுக்கும் வேலை முடிந்து மலைமேல் எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்த தன் வீட்டுக்கு ஏற பஸ் கிடைக்காத தொல்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்தவள் லேசுப்பட்டவள் இல்லை. “உங்க ரசத்துல கெடக்கிற மிளகை வித்தா ஒரு காணி வாங்கலாம் ஆன்ட்டி” என்பாள். “வாயாடி” என்று சந்திரகாந்தா அவள் முதுகில் ஒன்று வைப்பாள். டீவி சீரியல் வில்லிக்கு யார் அதிகமாகச் சாபம் விடுவதென்று இருவருக்கும் போட்டி நடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மா, பேத்தியின் காதுகுத்துக்குச் சொல்ல ஓட்டோவில் வந்திறங்கினாள். பிரதீபா தலைக்குக் குளித்துவிட்டு, சந்திரகாந்தாவின் ஹவுஸ்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஹோல் கதிரையில் உட்கார்ந்து முடி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“யாருங்க சம்பந்தி இது?”

“பிரதீபா. எல்கடுவப் பக்கம். இங்கதான் தங்கியிருக்கா.”

“போடிங்குக்கா ஆள் வச்சிருக்கீங்க? நல்லாத்தான் இருக்கு! பெத்த மகன் பார்க்கலைன்னு ஊரு எங்க வீட்டைத்தானே காறித் துப்பும்?”

தனியாக இருக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது, அதுவும் இவளிடம்?

“ஐயோ, போடிங் இல்லைங்க. வீட்டு வேலைக்கு... ஒத்தாசைக்கு வச்சிருக்கேன்.”

“அப்படிச் சொல்லுங்க! தோட்டத்துல இப்பல்லாம் வேலைக்குப் புள்ளைங்க கிடைக்கிறதே குதிரைக் கொம்பு. கை சுத்தம்தானே?” சம்பந்தியம்மா பிரதீபாவின் பக்கம் திரும்பினாள். “என்னா புள்ள, எஜமானி மாதிரி உக்காந்திருக்க? போயி இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்டீ கொண்டா.”

பிரதீபா சந்திரகாந்தாவைப் பார்த்தாள். “நீ இரும்மா, நான் போறேன்” என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். சந்திரகாந்தா, சம்பந்தியம்மா கொடுத்த அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரதீபா எழுந்து குசினிக்குப் போனாள். தட்டில் இரண்டு கோப்பைகள் வந்தன.

“சீனி போதுங்களா அம்மா?”

சந்திரகாந்தாவை அதுவரை ஆன்ட்டி என்றே அழைத்தவள், எஜமானியை அழைப்பதுபோல் அம்மா என்றாள். சந்திரகாந்தா கோப்பையை வாயில் வைக்காமலே கீழே வைத்தாள்.

“மரியாதை தெரிஞ்ச புள்ள. எங்க வீட்டுக்கும் இப்படி ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க” என்றபடியே சம்பந்தியம்மா கிளம்பினாள்.

சந்திரகாந்தா வாசலிலிருந்து திரும்பியபோது குசினியில் தண்ணீர் சத்தம் கேட்டது. கோப்பைகளைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிரதீபா அறைக்குள் போனாள். சற்று நேரத்தில் பையின் ஸிப் இழுபடும் ஓசை. சந்திரகாந்தா கதவோரம் நின்றாள். நீ இல்லாவிட்டால் இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“மத்தியானத்துக்கு... கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கட்டா?” என்றுதான் வந்தது.

பிரதீபா தன் உடுப்புக்கு மாறியிருந்தாள். ஹவுஸ்கோட்டை நான்காக மடித்துக் கதிரையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, படியிறங்கி, பஸ் வரும் பக்கமாக நடந்தாள்.