இங்கே நான்கு, அங்கே ஆறு

சுவர்க்கடிகாரத்தில் நான்கு தாண்டியும் டெலிபோன் அடிக்கவில்லை. ருக்ஸானா அதை எடுத்துக் காதில் வைத்து, டயல் டோன் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, சுட்டுவிட்டது போல உடனே வைத்தாள். அந்த ஒரு நொடியில் அம்மா கூப்பிட்டிருந்தால்?

அம்மா சிங்கப்பூரில், சிறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஜுஹைர், ருக்ஸானாவின் ஒரே தம்பி. பெட்டிக்கு அடியில் போதைப் பொட்டலத்தை வைத்துத் தைத்துக்கொண்டு விமானம் ஏறிய மகராசன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தூக்கு. முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன், அதுவரை லைனை அடைக்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். அதிபர் கையில் இன்னொரு மனு இருக்கிறது, கடைசி நிமிஷத்திலும் நிற்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஒரு வாரமாக அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அங்கே வெள்ளி காலை ஆறு என்றால், இங்கே அமெரிக்காவில், டெக்சஸ் ரிச்சர்ட்சனில் வியாழன் சாயங்காலம் நான்கு. கணக்கு மாமாவுடையது. டிசம்பரில் மகன் வீட்டுக்கு வந்த மாமனார், குளிருக்குப் பயந்து வாசலைத் தாண்டாமல், உட்கார்ந்த இடத்திலேயே இந்த வாய்ப்பாட்டைக் கண்டுபிடித்தார். நம் மணியோடு இரண்டைக் கூட்டு, பகலை ராத்திரியாக்கு, அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க அதை வைத்துத்தான் அவள் சிங்கப்பூருக்குப் பேசினாள். மாமாவுக்குக் கணக்கு தப்பாது, வாய்தான் தப்பும்.

அன்று காலையும் தப்பியது. தேநீரைக் குடித்துக்கொண்டே தன்னைப் பெற்ற அத்தாவைப் பற்றி ஆரம்பித்தார். பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து, சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் கைதியாகி, சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போகப்பட்டவர்.

"உன் தம்பிக்கு வக்கீல் இருக்காரு, மூணு வேளை சோறு இருக்கு, தேதியும் மணியும் சொல்லிட்டாங்க. எங்க அத்தா பட்டினில போனாரா, காலரால போனாரான்னே தெரியாது. எந்த நாள்ல பாத்திஹா ஓதறதுன்னு தெரியாமலே எங்கம்மா போய்ச் சேர்ந்தா."

ருக்ஸானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க அத்தா ஒரு தப்பும் பண்ணலை மாமா. இவன் பண்ணினான். ரெண்டு பேரையும் ஒரே தராசுல வெக்காதீங்க. தேதி தெரிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கறது என்ன சுகம்னு அவனைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

மாமா மிச்சத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான்கரை ஆயிற்று. டெலிபோன் அப்படியே கிடந்தது. மாமா மூன்று முறை தொண்டையைச் செருமினார்.

"நின்னுடுச்சும்மா. நடந்திருந்தா இந்நேரம் கூப்பிட்டிருப்பாங்க."

அவள் நம்ப மறுத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், நம்பிவிட்டாள். நின்ற இடத்திலேயே சஜ்தாவில் விழுந்து எழுந்தாள். காலையில் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று. ஆயுள் தண்டனையாக மாற்றியிருப்பார்கள் என்று இவள் சொல்ல, நன்னடத்தை என்று அதிலும் கழிப்பார்கள் என்று அவர் சொன்னார். ஸ்கூல் லீவில் மகள் ஃபைஹாவைக் கூட்டிக்கொண்டு போய் மாமனைக் காட்டுவேன், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே அவன் காதைத் திருகுவேன் என்றாள். உன் கை நீளாது என்றார் மாமா. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நல்ல சேதிக்கு இனிப்பு வேண்டுமே என்று நெய்யில் சேமியாவைக் கொட்டி வறுத்தாள். ஏலக்காயைத் தட்டினாள். பால் பொங்கியது. வாசனையில் வீடே பெருநாள் காலை மாதிரி ஆகிவிட்டது.

கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கணவன் அஃப்னான் ஆபீஸ் பையோடு ஓடி வந்தான்.

"அப்பாடா, வந்துட்டேன். ஃப்ரீவேல மாட்டிப்பேனோன்னு பயந்துட்டேன். இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்குல்ல?"

"எதுக்கு?" என்றாள் ருக்ஸானா. கரண்டி கையில் இருந்தது.

அவன் அடுப்பைப் பார்த்தான். சிரிப்பு அடங்காத இரண்டு முகங்களைப் பார்த்தான். குரல் தாழ்ந்தது.

"ஞாயித்துக்கிழமை டைம் சேஞ்ச். வெயில்காலத்துக்குன்னு எல்லா க்ளாக்கையும் ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சேனே, அங்க அப்படி மாத்தறதில்லை. இப்ப ரெண்டு கூட்டக் கூடாது, ஒண்ணுதான். அஞ்சு மணிக்குத்தான் அங்க ஆறு."

ருக்ஸானா அடுப்பை அணைத்தாள். அவள் ஏலக்காய் தட்டியபோது அங்கே தம்பி கடைசித் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்திருப்பான். இவள் சிரித்தபோதும் இருந்தான். இதோ, இப்போதும் இருக்கிறான். அம்மாவைக் கூப்பிடக் கை பரபரத்தது. லைனை அடைக்காதே என்றிருந்தாளே.

"என் கணக்குதாம்மா," என்றார் மாமா. தலையை நிமிர்த்தவே இல்லை.

அவள் தொழுகை விரிப்பை எடுத்து வந்து ஹாலில் விரித்தாள். சாவு நேரத்தில் ஓதும் யாசீன் கிதாபை அவர் மடியில் வைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அஃப்னானும் டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்க அத்தா பேரு என்ன மாமா?"

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காதர் மைதீன்."

"ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஓதுங்க."

மாமா ஓதத் தொடங்கினார். முதலில் குரல் பிசிறியது, பிறகு நிலைப்பட்டது. சுவர்க்கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. பாலின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது.

டெலிபோன் அடித்தது. அஃப்னான் எழப் போனான். ருக்ஸானா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமா குரலைச் சற்று உயர்த்தி, அடுத்த ஆயத்துக்குப் போனார்.